டேப் ஒட்டுவது இருக்கட்டும், உங்களுக்கு எந்தத் தோள்வலி?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் வாலிபால் ஆடும் பையன்களில் ஒருவர் தோளிலாவது நீலமோ கறுப்போ ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அது விளையாட்டுக்காரர்கள் சமாசாரம் என்று இருந்த காலம் போய்விட்டது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் ஐம்பதைத் தாண்டியவர்களின் சட்டைக் கைக்குக் கீழேயும் இப்போது அந்தப் பட்டையின் முனை எட்டிப் பார்க்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கிறது, ஆன்லைனில் கிடைக்கிறது, ஒட்டிக் காட்டும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. தோள் வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரரே "அந்த டேப் ஒண்ணு வாங்கி ஒட்டிப் பாருங்களேன்" என்கிறார்.

ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் எல்லாத் தோள்வலியும் ஒன்று கிடையாது. அதில் ஒரு வகை டேப்புக்கு மசியவே மசியாது. அந்த வகை புதுச்சேரி, கடலூர் பக்கம் அதிகமாக இருப்பதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் டேப்.

கினிசியாலஜி டேப் என்பது பருத்தித் துணியோடு இழுபடும் நூலிழையைச் சேர்த்துச் செய்த பட்டை. பின்பக்கம் அக்ரிலிக் பசை அலை அலையாகப் பூசியிருக்கும். உடம்புச் சூடு பட்டால் நன்றாகப் பிடிக்கும். வழக்கமான ரோல் 5 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம். நீளவாக்கில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரை இழுபடும். தோலின் கனத்துக்கும் இழுவைக்கும் பக்கத்தில் வரும்படி யோசித்துச் செய்தது. உள்ளே மருந்து எதுவும் கிடையாது. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், வலி பிளாஸ்டரையும் இதையும் பலர் ஒன்றாக நினைப்பதுதான். பிளாஸ்டரில் மெந்தால், மெத்தில் சாலிசிலேட் போன்றவை இருக்கும், தோலில் ஜில்லென்று ஏறும், சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். டேப்பை மூன்று முதல் ஐந்து நாள் விட்டுவைக்கலாம், அதோடு குளிக்கலாம். கறுப்பு ரொம்ப ஸ்ட்ராங், நீலம் குளிர்ச்சி, சிவப்பு சூடு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, பிடித்த நிறத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சாயத்தைத் தவிர வித்தியாசம் இல்லை.

இதை உருவாக்கியவர் கென்சோ காசே என்ற ஜப்பானியர். கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சரிசெய்யும் முறையில் பயிற்சி பெற்றவர். 1970-களில் அவர் இதில் இறங்கியபோது விளையாட்டு வீரர்களுக்கு இருந்ததெல்லாம் வெள்ளை நிறத்தில் விறைப்பான டேப். அது மூட்டை அசையவிடாமல் இறுக்கிக் கட்டும். அசைவைத் தடுக்காமல் தோலோடு சேர்ந்து நகரும் ஒன்று வேண்டும் என்பதுதான் காசேயின் யோசனை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜப்பானிய வீரர்கள் இதை ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். உலகம் கவனித்தது 2008 பெய்ஜிங்கில்தான். அப்போது 58 நாடுகளின் அணிகளுக்கு 50,000 ரோல்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. தோளில் அறுவை சிகிச்சை முடித்து வந்திருந்த அமெரிக்க கடற்கரை வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ், வலது தோளில் கறுப்பு டேப் சிலந்தி மாதிரி படர்ந்திருக்க, தங்கம் வாங்கினார். டிவியில் அதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: அது என்ன? இதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்!

டேப் எப்படி வேலை செய்கிறது என்று விற்பவர்கள் சொல்லும் விளக்கம் இது: டேப் தோலை லேசாக மேலே தூக்கும், அடியில் இடம் உண்டாகும், ரத்தமும் நிணநீரும் தாராளமாக ஓடும், வீக்கம் வடியும், வலி குறையும். ஒட்டிய பிறகு டேப்பில் தெரியும் சின்னச் சின்னச் சுருக்கங்கள்தான் தோல் தூக்கப்பட்டதற்கு அடையாளமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரேசிலில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 148 பேரில் பாதிப்பேருக்குச் சுருக்கம் விழும்படி இழுத்து ஒட்டினார்கள், மீதிப்பேருக்கு இழுக்காமல் சும்மா ஒட்டினார்கள். 2014-ல் முடிவு வந்தது: இரண்டு தரப்புக்கும் ஒரே பலன். சுருக்கத்துக்கும் வலிக்கும் சம்பந்தம் தெரியவில்லை.

தோளுக்கே வருவோம். அமெரிக்காவில் தோள் தசைநாணில், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாணில், வலி உள்ள 42 இளைஞர்களிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. முறைப்படி டேப் ஒட்டியவர்கள், ஒட்டிய கையோடு, வலி இல்லாமல் கையைப் பக்கவாட்டில் சராசரியாக 17 டிகிரி கூடுதலாகத் தூக்கினார்கள். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தபோது வலியிலோ அன்றாட வேலை செய்வதிலோ சும்மா ஒட்டியவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இப்படி வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2021-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது: 23 ஆய்வுகள், 1,054 பேர். பத்துக்கு இவ்வளவு என்று வலியைச் சொல்லச் சொன்னால், நாலு வாரம் கழித்து, போலியாக ஒட்டியவர்கள் சராசரியாக 2.96 என்றார்கள், முறைப்படி ஒட்டியவர்கள் 3.03. இரண்டும் ஒன்றுதான். ஆய்வுகளின் தரமே சுமார், அதனால் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை என்று அந்தத் தொகுப்பு முடித்துக்கொண்டது. வலி போக்கும், காயம் வராமல் தடுக்கும் என்று அட்டையில் அச்சடித்துவந்த ஒரு பெரிய டேப் நிறுவனம், வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில் 17.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்ததும் அமெரிக்காவில்தான்.

டேப்பை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. தோள் எலும்புக்கு அடியில் இடம் போதவில்லை என்று எலும்பைச் செதுக்கும் அறுவை சிகிச்சை பல வருடங்களாக நடந்துவந்தது. பிரிட்டனில் 313 பேரிடம் அதைச் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையாகச் செதுக்கியவர்களுக்கும், துளைபோட்டு உள்ளே பார்த்துவிட்டு மூடியவர்களுக்கும் கிடைத்த பலன் ஒன்றாகவே இருந்தது. தோள்வலியில் இதுதான் சிக்கல். பல வலிகள் சில வாரங்களில் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் எதையாவது தேடி ஓடுவோம், அடுத்த நாளிலிருந்து அது இறங்கும். நல்ல பெயர் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போய்விடும், அது டேப்பாக இருந்தாலும் சரி, தைலமாக இருந்தாலும் சரி, சுளுக்கு எடுப்பவரின் கையாக இருந்தாலும் சரி.

அப்படியானால் ஒட்டியவுடன் லேசாக இருக்கிறது என்று சொல்பவர்கள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தன்னையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அதில் ஒரு விஷயம் இருக்கிறது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் சுறுசுறுப்பானால், முதுகுத்தண்டில் வலிச் செய்தி கடந்துபோகும் வழி கொஞ்சம் அடைபடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் முன்வைத்த இந்தக் கருத்தைப் பிற்பாடு பலர் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் அடிப்படை நிற்கிறது. தோளில் எதையாவது ஒட்டிவைத்தால் ஒவ்வொரு அசைவிலும் தோல் இழுபடும், அந்த இழுப்பு ஓயாமல் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். கூடவே, ஏதோ பிடிமானம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆள் கையைக் கொஞ்சம் அதிகமாக அசைத்துப் பார்ப்பார். அந்த 17 டிகிரியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். டேப் தருவது கொஞ்ச நேரச் சலுகை. அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

இனி தோள். இடுப்பு மூட்டில் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தோள் மூட்டிலோ அது சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் நிற்கிறது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான், சீக்கிரம் கெட்டுப்போவதும் அதனால்தான். உருண்டு விழாமல் பிடித்துக்கொள்வது ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். மேலே இருக்கும் தசைநாண், தோள் நுனி எலும்புக்கு அடியில் ஏறத்தாழ ஒரு செ.மீ. சந்து வழியாகப் போகிறது. தலைக்கு மேல் கையைத் தூக்கித் தூக்கி வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடம்தான் முதலில் மக்கர் பண்ணும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன்கூடையைத் தலைக்கு ஏற்றி இறக்கும் பெண்கள், கரைவலை இழுப்பவர்கள், பண்ருட்டியில் பலாப்பழத்தை லாரிக்கு மேலே தூக்கிக் கொடுப்பவர்கள், கூரைக்கு வெள்ளையடிப்பவர்கள், ஷட்டில் ஆடுபவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்கள் கையைப் பக்கவாட்டில் தூக்கினால் 60 டிகிரியில் வலி ஆரம்பித்து 120-ஐத் தாண்டினால் குறையும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ராத்திரியில் எழுப்பிவிடும். ஆனால் வேறொருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் கை முழுதாக மேலே போகும். டேப்பால் கொஞ்சமாவது ஆகும் என்றால் அது இந்த வகைக்குத்தான்.

இன்னொரு வகை கழுத்திலிருந்து வருவது. முழங்கையைத் தாண்டி விரல்வரை மரத்துப்போவது, கழுத்தைத் திருப்பினால் சுரீரென்று இழுப்பது எல்லாம் கழுத்து நரம்பின் வேலை. தோளில் டேப் ஒட்டி அதற்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவதுதான் நான் சொல்லவந்த வகை, உறைந்த தோள். ஃப்ரோசன் ஷோல்டர் என்று டாக்டர் சீட்டில் எழுதுவார். மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சியாகித் தடித்துச் சுருங்கிவிடும். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வரும், பெண்களுக்குச் சற்று அதிகம். முதல் சில மாதங்கள் வலி பிராணனை வாங்கும், பிறகு வலி குறைந்து கை இறுகிப்போகும், அப்புறம் மெல்ல மெல்ல இளகும். மொத்தத்தில் ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை இழுக்கலாம். ஜாக்கெட் கொக்கியைப் பின்னால் மாட்ட முடியவில்லை, கொண்டை போட கை எட்டவில்லை, பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இதை வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நல்ல கை திரும்பும் அளவில் பாதிகூட இந்தக் கை திரும்பவில்லை, வேறொருவர் திருப்பிவிட்டாலும் நகரவில்லை என்றால், உறைந்த தோளாக இருக்கும் சாத்தியம் அதிகம். உள்ளே சுருங்கிக் கிடக்கும் உறையைத் தோல்மேல் ஒட்டும் துணி என்ன செய்துவிடும்?

இந்த உறைந்த தோளுக்கும் சர்க்கரைக்கும் நெருங்கிய உறவு உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்று 2016-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இதோடு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்து 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பைச் சேர்த்துப் பாருங்கள். வயதுவந்தவர்களில் சர்க்கரை நோயாளிகள் நாடு முழுவதும் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4, புதுச்சேரியில் 26.3. கோவாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் புதுச்சேரிக்கு. நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் ஊரில் ஐம்பது வயதுக்காரர் கை தூக்க முடியவில்லை என்றால், எந்த கம்பெனி டேப் என்று கேட்பதற்கு முன்னால் சுகர் எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல், தோளைக் காட்டப் போன இடத்தில் தெரிந்துகொண்டவர்களை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இந்த வகையில் முதல் சில மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் ஊசி போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், அதனால் சுகர் மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கையை ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது இன்னும் மோசம், இறுக்கம்தான் கூடும். அதேசமயம் வலி உச்சத்தில் இருக்கும்போது யாரிடமாவது கொடுத்து 'வெடுக்'கென்று இழுத்துவிடச் சொல்வதும் கூடாது.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்ஆர்ஐ எடுத்ததில் தசைநாணில் கிழிசல் என்று வந்ததும் பதறிப்போகிறவர்கள் உண்டு. தோள்வலியே இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்குப் பாதியோ முழுதோ கிழிசல் இருந்தது. தலை நரைப்பது மாதிரி அதுவும் வயதோடு வரும் ஒன்று. கீழே விழுந்து, அன்றிலிருந்து கையே தூக்க முடியவில்லை என்றால் மட்டும் அந்தக் கிழிசல் அவசரம்.

சரி, முதல் வகைத் தோள்தான், ஒட்டிப் பார்க்கலாம் என்று முடிவாகிவிட்டது. எப்படி ஒட்டுவது?

ஒரு சாண் அளவுக்கு, அதாவது 20 முதல் 25 செ.மீ., டேப்பை வெட்டுங்கள். ஒரு முனையில் நாலு விரல் அகலம் விட்டுவிட்டு மீதியை நடுவில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு வால் கிடைக்கும். மூலைகளை எல்லாம் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட வேண்டும்; கூரான மூலை சட்டையில் சிக்கி அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பிளக்காத முனையை மேல்கையின் நடுவே, வெளிப்பக்கத்தில், கொஞ்சமும் இழுக்காமல் ஒட்டுங்கள். இப்போது கையைப் பின்பக்கம் கொண்டுபோய், முன்வாலைத் தோளின் முன்புற வளைவோடு மேலே ஒட்ட வேண்டும். பிறகு கையை மார்புக்குக் குறுக்கே, எதிர்த் தோளைத் தொடுவதுபோல் வைத்துக்கொண்டு, பின்வாலைப் பின்புற வளைவில் ஒட்ட வேண்டும். இழுவை மிக லேசாக இருந்தால் போதும். பின்தாளிலிருந்து உரிக்கும்போது டேப்பில் இருக்கும் 10, 15 சதவீத இழுவையே தாராளம். பலன் கூடும் என்று வலித்து இழுத்து ஒட்டினால் கொப்புளம்தான் மிஞ்சும். வால்களின் கடைசி இரண்டு விரல் அகலத்தை இழுக்கவே கூடாது. ஒட்டி முடித்ததும் உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்கவும். பின்வாலைத் தனக்குத் தானே ஒட்டிக்கொள்வது கஷ்டம், வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒட்டிக்கொண்டு, அவர் செய்வதைப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

நம் ஊரில் டேப் நிற்காமல் போவதற்கு முக்கியமான காரணம் தைலம். தோள் வலிக்கிறது என்றதும் கை முதலில் தைலப் பாட்டிலுக்குத்தான் போகும். அந்த எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எந்தக் கம்பெனி டேப்பும் ஒட்டாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரித்துவிட்டு ஒட்ட வேண்டும். அடுத்த எதிரி வியர்வை. கத்திரி வெயிலில், கடல்காற்றின் பிசுபிசுப்பில், ஐந்து நாள் என்று அட்டையில் போட்டிருப்பது இரண்டு நாளாகிவிடும். ஒட்டி ஒரு மணி நேரமாவது ஆன பிறகே வியர்க்கும் வேலைக்குப் போவது நல்லது. ஒட்டிய டேப்புக்கு மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சூட்டில் பசை இன்னும் கெட்டியாகிப் பிடித்து, உரிக்கும்போது தோலையும் சேர்த்துக் கேட்கும்.

எடுக்கும்போது மட்டும் எண்ணெய் உதவிக்கு வரும். தேங்காய் எண்ணெயை டேப்பின்மேல் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, முடி வளரும் திசையிலேயே, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுருட்டி எடுக்க வேண்டும். 'சர்'ரென்று இழுத்துவிட்டால் வயதானவர்களின் தோல் கையோடு வந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோலில் சின்னக் காயம் பட்டாலும் ஆறத் தாமதமாகும், அதனால் முன்கையில் ஒரு துண்டு ஒட்டி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தோளுக்குப் போகலாம். அரிப்பெடுத்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். புண், படை, சிரங்கு இருக்கும் இடத்தில் ஒட்டவே கூடாது.

ஒட்டியாகிவிட்டது, கை கொஞ்சம் மேலே போகிறது. இந்தச் சலுகையை எதற்குச் செலவழிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலி தெரியாது என்று மறுநாளே பழையபடி லோடு தூக்கப் போவது, நொந்துபோன தசைநாணை மறுபடியும் அதே சந்தில் தேய்ப்பதுதான். அன்றாடக் கூலிக்குப் போகிறவரிடம் ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் கொஞ்ச நாளைக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலையைப் பக்கத்து ஆளிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். வலி தணிந்திருக்கும் நேரத்தில் பயிற்சி செய்யலாம்: சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுவது, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது, ரப்பர் பேண்டைக் கதவுப்பிடியில் மாட்டி முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க முன்கையை வெளியே இழுப்பது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். டேப் ஒட்டிய இரண்டாம் நாளே பலனை எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

சில வலிகளுக்கு இந்த யோசனைக்கே நேரம் கிடையாது. இடது தோளில் வலி, கூடவே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். தோளைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே தெரியாமல் வெறும் தோள்வலியோ வியர்வையோ மட்டும் வருவதும் உண்டு. காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்தாலும், எடை காரணமில்லாமல் குறைந்துகொண்டே போனாலும், விழுந்த பிறகு தோளின் வடிவமே மாறித் தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒரு ரோல் டேப் சில நூறு ரூபாய். தோளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு மூன்று துண்டு என்று வைத்தால் ஏழெட்டுத் தடவைக்கு வரும். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பார்க்கத் தனியார் லேபில்கூட அவ்வளவு ஆகாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் தேவைப்படுகிறவர்களின் வீட்டுக்கே வருகிறது. வீட்டில் தோள் முடங்கிப்போன பெரியவர் இருந்தால், மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமே பிசியோதெரபிஸ்ட் எப்போது வருவார் என்று கேட்டு, பெயரைப் பதிந்துவைக்கச் சொல்லலாம்.